ஆறு குமிழ் அகல எஞ்சினும் இரண்டாவது அடியும்

9 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.10
மயிலாப்பூர்

கடித எண் 4
பொருள்: 2 பிப்ரவரி அன்று நந்தனம் கூடத்தில் நீ அடித்த இரண்டாவது அடி

அன்புள்ள ரகு,

இந்த வாரத்தில் உனக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், மற்ற இரண்டில் உனக்காக அழுதிருந்தேன்; எதனாலும் உனக்குப் பயன் இல்லை. எண்ணை மட்டும் மாற்றவில்லை. கிழித்ததையும் கணக்கில் வைப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப்போவதில்லை. நம் ரயில் குழுவினர் எல்லோருக்கும் ஒரு பிரதி போகிறது. உன்னிடம் அடிபட்ட பால்துரை பொறாமையால் உன் எஞ்சினை உடைத்தார் என்று அவர்களில் சிலர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ அதை ஒரு வார்த்தையாலும் மறுக்கவில்லை. ஆகவே உனக்கு மட்டும் எழுதினால் போதாது.

நாளை, திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு நான் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை நீ அடையாற்றிலிருந்து தொலைபேசியில் பேசினாய். "அப்பா, ஒரே அடி. டென்ஷன்ல கை போயிடுத்து. இதை மட்டும் சொன்னாப் போறும்ப்பா." பிறகு, "மார்ச் ஒண்ணாம் தேதி ஃபிளைட் இருக்கு, ஞாபகம் இருக்கோல்லியோ?" என்றாய். அன்று மாலை உன் வக்கீல் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அதையே விளக்கினார். பதற்றத்தில் விழுந்த ஒரே அடி என்றால் வழக்கு இலேசாகும். இரண்டாவது அடி ஒன்று இருந்தது, அது நினைத்து அடித்தது என்று ஆகிவிட்டால் நீ இந்த ஊரைவிட்டு நகர முடியாது. "நீங்க பொய் சொல்லவே வேண்டாம் சார். ஒண்ணைச் சொல்லுங்க, இன்னொண்ணை மறந்துடுங்க" என்றார். முப்பத்தொரு வருடம் கடைக்காரர்களின் தராசுகளையும் படிக்கற்களையும் சரிபார்த்து முத்திரை குத்திய ஒருவனிடம் இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், தெரிந்துதான் அவரை அனுப்பினாய்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், குழுவுக்கு வெளியே இருப்பவர் படித்தாலும் விளங்கும்படி. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி நாம் ரயில் எஞ்சின்கள் கட்டுகிறோம். அவற்றுக்குள் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி ஓடவைக்கிறோம். கட்டையின் தலையில் இருக்கும் குமிழே நமக்கு அளவுகோல். எஞ்சினின் அகலம் ஆறு குமிழ், அதாவது ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய எஞ்சினில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நீ எட்டு மாதம் உட்கார்ந்து கட்டியதோ, யார்டில் பெட்டிகளைத் தள்ளும் சின்ன எஞ்சின். அதன் மூக்குப் பகுதி நான்கு குமிழ் அகலம்தான். அதற்குள் பல்சக்கர மோட்டார், லித்தியம் பேட்டரி, கைபேசியின் கட்டளையை வாங்கும் சில்லு எல்லாம் அடங்க வேண்டும். பேட்டரியின் தலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். மோட்டார் எங்காவது சிக்கிக்கொண்டு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்தால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தத் தகடு இருந்த காரணத்தால் உன் எஞ்சினின் மூக்கு ஒரு பக்கம் இலேசாகப் புடைத்திருந்தது. அவ்வளவுதான் குறை. என் கண்ணுக்கே கண்ணாடி போட்டுக்கொண்டால்தான் தெரிந்தது.

பால்துரையின் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நசுங்கிய குடத்தைத் தெருவின் மறுமுனையிலிருந்தே கண்டுபிடிப்பவர். போன நவம்பர் 24 அன்று, குழு அவர் வீட்டு மாடியில் கூடியபோது, உன் எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன ரகு தம்பி, எஞ்சின் முழுகாம இருக்கா? எத்தனாவது மாசம்? வளைகாப்புக்கு எவர்சில்வர் தட்டு நம்ம கடையிலயே எடுத்துருங்க, வெல கொறச்சுத் தாரேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய், ஆனால் உன் கழுத்து சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் "பிள்ள பொறந்தாச்சா?" என்று கேட்டார். அது அவருடைய தவறு. நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் ஒரு நாள் பார்த்தால் உன் எஞ்சினின் புடைப்பு போயிருந்தது. எப்படி என்று கேட்டேன். "டிசைன் மாத்திட்டேன்பா" என்றாய்.

பிப்ரவரி இரண்டாம் தேதி மாலை, நம் ரயில்களை ஊருக்குக் காட்ட நாம் வாடகைக்கு எடுத்த கூடத்தில் நல்ல கூட்டம். நான் தெற்கு மேசையின் முனையில் சிக்னல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் பேனர் சரிகிறது என்று நீ அதைத் தாங்கிய இரும்புக் குழாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாய். உன் எஞ்சின் தெர்மாகோல் மலையின் சுரங்கத்துக்குள் போய்த் தடம் புரண்டு சுவரில் முட்டி நின்றது. சக்கரம் நின்ற பிறகும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. துண்டிக்க வேண்டிய தகடு அதற்குள் இல்லை. சுரங்கத்தின் வாயில் வெள்ளைப் புகை வந்தது. மேசையைச் சுற்றித் துணி, மேலே தெர்மாகோல், ஓரத்தில் ஜனங்கள். பக்கத்தில் நின்ற பால்துரை சுரங்கத்துக்குள் கையை விட்டு எஞ்சினை இழுத்தார். அது அவர் கையிலேயே சீறி நெருப்பைப் பீய்ச்சியது. அவர் விடவில்லை. ஆட்கள் இல்லாத பக்கம் திரும்பி, சிமென்ட் தரையில் அதை ஓங்கி அறைந்தார். மூலையில் இருந்த சிவப்பு வாளி மணலை அதன்மேல் கவிழ்த்தார்.

நீ திரும்பிப் பார்த்தது அவர் அறைந்த கணத்தை. "என் எஞ்சினையாடா உடைக்கறே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாய். முதல் அடி அவருடைய வலது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முருங்கைக் கிளை ஒடிவது போலச் சின்னச் சத்தம்தான். அவர் முழங்காலில் விழுந்தார். இடது கையை உன் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். உள்ளங்கைத் தோல் வெந்து வழன்றிருந்தது. "தம்பி, தீ புடிச்சிட்டுய்யா. அங்க பாரு" என்றார். நீ பார்த்தாய். மணலுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்ததைப் பார்த்தாய். அவருடைய கையைப் பார்த்தாய். வியர்வையில் வழுக்கிய குழாயை இடது கைக்கு மாற்றினாய். வலது உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாய். குழாயை மறுபடியும் வலது கைக்கு மாற்றி, சற்று மேலே தள்ளிப் பிடித்தாய். பிறகு அவருடைய வாயில் அடித்தாய்.

இதைத்தான் நான் நாளை சொல்லப்போகிறேன். முதல் அடியை உன் கண்ணின் பிழை என்று நானும் சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன். இரண்டாவது அடி அப்படியல்ல.

நான்கு பேர் உன்னைப் பிடித்து இழுத்தபோது நீ மேசையை உதைத்தாய். பாதி மேசை சரிந்தது. பாலம், நிலையம், மலை எல்லாம் தரையில். எஞ்சின்கள் கவிழ்ந்து கிடந்தன, ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியே பேட்டரி இருக்கிறதல்லவா, சக்கரங்கள் காற்றில் சுழன்றுகொண்டே இருந்தன. பால்துரையின் ரத்தம் வெள்ளைத் தெர்மாகோலில் சிந்திக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து ஒவ்வொரு எஞ்சினாக எடுத்துச் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தேன். கூடத்துக் காவலாளி என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "யோவ் பெருசு, ஆளு ரத்தம் கக்கிக்கினு கீறாரு, நீ இன்னா பொம்மைய ஆஃப் பண்ணிக்கினு கீற?" என்றார். இன்னொன்றும் தீப்பிடித்துவிடக் கூடாதே என்று பயந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அப்படி எதையும் நான் நினைக்கவில்லை. அந்த மனிதரைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை, அவ்வளவுதான்.

"எனக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாதுப்பா" என்று நீ பல வருடங்களாகச் சொல்லிவருகிறாய். உனக்கு இருபத்தொன்று ஆனபோது, 2009 ஜூலையில், லஸ் முனையில் ஒரு ஆட்டோ நம் ஸ்கூட்டரை உரசியது. இறங்கிப் போய் அதன் பக்கக் கண்ணாடியைக் கையாலேயே உடைத்தாய். கையில் ரத்தம். அதோடு நிற்கவில்லை, ஆட்டோவைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய், அங்கே இருந்த கண்ணாடியையும் உடைத்தாய். ஓட்டுநர் உன்னைத் தொடக்கூட இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார், புள்ளைய பெத்து வெச்சிக்கீறியா, லட்சுமி வெடிய பெத்து வெச்சிக்கீறியா?" அவர் கேட்டதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆகையால் மற்றதை நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். கண் தெரியாதவன் ஆட்டோவைச் சுற்றி நடந்து, இன்னொரு கண்ணாடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

கோபம் ஒரு பேய், அது வந்து ஆட்டிவிட்டுப் போகிறது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். நானும் எழுபத்திரண்டு வயதுவரை அப்படித்தான் நம்பியிருந்தேன். பிப்ரவரி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்த நம்பிக்கை போய்விட்டது. அன்று உன் பழைய அறையில் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அதில் பாதுகாப்புத் தகடுகள் கிடந்தன, ஒன்றல்ல, நான்கு. அலமாரியில் இருந்த உன்னுடைய மற்ற மூன்று சின்ன எஞ்சின்களிலிருந்தும் நீ அவற்றைக் கழற்றியிருந்தாய். உன் அம்மா தினமும் தூசி தட்டும் அலமாரி அது. மூன்று எஞ்சின்களையும் மொட்டை மாடிக்கு எடுத்துப்போனேன். பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண் தொட்டியில் மணலுக்குள் வைத்தேன். அதுவரை நான் நிதானமாகத்தான் இருந்தேன். கட்டைகளைப் பிரிப்பதற்கென்றே நம்மிடம் ஒரு சின்னக் கருவி இருக்கிறது; அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் நான் கீழே போய் எடுத்துவந்தது சுத்தியல்.

முதல் எஞ்சினைக் கிடந்தபடியே அடித்தேன். இரண்டாவதை அடிப்பதற்கு முன்னால் அதைத் திருப்பி வைத்தேன், மூக்கு என் பக்கம் இருக்கும்படி. மூன்றாவதற்கு, வழுக்காமல் இருக்க வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டேன். ரகு, எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டையும் எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று தெரிந்தது. அது எனக்கு இனித்தது. இந்தச் சொல்லை எழுதுவதற்குத்தான் மூன்று கடிதங்களைக் கிழித்தேன். சத்தம் கேட்டு உன் அம்மா மாடிக்கு ஏறிவந்தாள். "ஏன்னா, என்ன பண்றேள்? அவன் பண்ணினதையேதானே நீங்களும் பண்றேள்!" என்றாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு அடிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று எனக்கு அதனால்தான் தெரியும். அங்கே ஒரு பேயும் இல்லை. அங்கே நாம்தான் இருக்கிறோம், முழு நினைவோடு, எங்கே அடித்தால் அதிகம் உடையும் என்று பார்த்துக்கொண்டு. தகட்டைக் கழற்றிய எஞ்சினையும் உன்னையும் ஒப்பிட்டு நான் இங்கே ஒரு பாடம் நடத்த முடியும். குழுவினர் பாராட்டவும் கூடும். செய்யமாட்டேன். எஞ்சினுக்குள் யாரும் இல்லை. உனக்குள் நீ இருக்கிறாய். உனக்கு நான் சொல்ல விரும்பும் புத்தி இது ஒன்றுதான்: இனி யாரிடமும், உன் மனத்திடமும், "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாதே. "எனக்குத் தெரிந்தது, செய்தேன்" என்று சொல்லிப் பழகு. அதைச் சொல்லக் கூசும் அந்த இடத்தில்தான் கை நிற்கும் என்று நினைக்கிறேன். நானே அதைச் செவ்வாய்க்கிழமை முதல்தான் பழகுகிறேன்.

புதன்கிழமை, நந்தனம் கூடத்து ஆட்கள் பெருக்கிக் கட்டிக்கொடுத்த மூட்டையைப் பிரித்து, உன் எஞ்சினின் கட்டைகளை வகைபிரிக்க உட்கார்ந்தேன். நம் வழக்கப்படிதான், நிறம் முதலில், அளவு பிறகு. மணலைத் தட்டி, கருகியவற்றைத் தனியே ஒதுக்கி, கறுப்பு, சிவப்பு, சாம்பல் எல்லாம் முடித்து வெள்ளைக்கு வந்தேன். ஒரு குமிழ் வட்டக் கட்டைகள், உன் எஞ்சினின் விளக்குகளுக்கும் கைப்பிடிகளுக்கும் நீ வைத்தவை, பதினெட்டு. டப்பாவின் சின்ன அறையில் போட்டு மூடி, எண்ணிக்கையையும் எழுதிவிட்டேன். கை கழுவப் போனபோதுதான் விரல் நுனி என்னிடம் சொன்னது, அவற்றில் ஒன்று வழவழப்பாக இல்லை என்று. திரும்பி வந்து கொட்டிப் பார்த்தேன். பதினெட்டில் ஒன்று பால்துரையின் பல். வேரோடு இருந்தது. அதைக் கட்டை என்று எண்ணி, கட்டைகளோடு போட்டு, மூடியை அழுத்தி மூடியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, ஏழாம் தேதி, அதை ஒரு சின்ன உறையில் வைத்துக்கொண்டு தியாகராய நகருக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தாள். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே கட்டிலில் பால்துரை; தோளில் கட்டு, இடது கை முழுவதும் சுற்றிய துணி, உதட்டில் தையல். அவரால் தானாகச் சோறு அள்ளிச் சாப்பிட முடியாது, ரகு. ஒரு கையை உன் பேட்டரி எடுத்துக்கொண்டது, இன்னொன்றை நீ. உறையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அவர் அதை எட்டிப் பார்த்தார். "எந்த அறையில போட்டிய?" என்று கேட்டார். "வெள்ளை வட்டம், ஒரு குமிழ்" என்றேன். "சரியாத்தான் போட்டிருக்கீய" என்று சொல்லிச் சிரித்தார். தையல் இழுத்து ரத்தம் வந்தது. அவருடைய மனைவி துண்டை எடுத்து அவர் வாயில் அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு என்னால் எழுத முடியாது.

துண்டை விலக்கச் சொல்லிவிட்டு அவர் பேசினார். "சார், நாளைக்கு எவனாவது வந்து மன்னிச்சிரும்னா நான் மன்னிக்க மாட்டேன். கேலி பண்ணுனது நாந்தான், இல்லங்கல. அதுக்கு நாலு வார்த்த ஏசியிருக்கலாம், ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். தீன்னு சொன்னப்பொறவு அடிச்சான் பாருங்க, அதத்தான் என்னால முழுங்க முடியல." பிறகு, "நீங்க ஸ்டேசன்ல என்ன சொல்லுவீய?" என்று கேட்டார். "பார்த்ததைச் சொல்வேன்" என்றேன். "பெத்த பிள்ள சார்" என்றார். நான் எழுந்தபோது, "அந்த எஞ்சின நான் ஒடைக்கணும்னு ஒடைக்கலன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிருங்க" என்றார். வாய் கிழிந்து படுத்திருக்கும் மனிதர் உன்னிடம் சொல்லச் சொன்னது இதைத்தான். சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தின் வரைவை உன் அம்மா வெள்ளிக்கிழமை இரவே படித்துவிட்டாள். "பிள்ளையை நீங்களே பிடிச்சுக் குடுக்கறேளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நேற்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இன்று காலை காபியைக் கொண்டுவந்து வைத்து, "அவனுக்கு ஒரு நாள் குடுங்கோ" என்றாள். அந்த ஒரு நாள்தான் இது. இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கடிதத்தை அவளே அடையாற்றுக்கு எடுத்துவருகிறாள்.

நாளை பத்து மணிக்கு நான் வீட்டிலிருந்து கிளம்புவேன். அதற்கு முன் நீ வந்தால் ஒரே ஆட்டோவில் போகலாம். இரண்டு அடி, நடுவே கை மாற்றியது, அவர் சொன்னது, நீ பார்த்தது எல்லாவற்றையும் முதலில் நீ சொல். பிறகு நான் சொல்கிறேன். நீ சொன்ன பிறகு சொன்னால் என் வார்த்தை உனக்குத் துணையாக நிற்கும். நீ சொல்லாவிட்டால் அதே வார்த்தை உனக்கு எதிராக நிற்கும். இரண்டிலும் ஓர் எழுத்துக்கூட மாறாது. விமானம் போய்விடும், போகட்டும். சிறைக்கே போக நேர்ந்தாலும் வாரா வாரம் நான் வந்து பார்ப்பேன். நீ என் பிள்ளை என்பதை மறைக்க நான் முயலவில்லை. அன்று கூடத்தில் எஞ்சின்களின் சுவிட்சை அணைத்துக்கொண்டு குனிந்திருந்ததைப் போல இன்னொரு முறை குனிந்திருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

பத்து மணிவரை வாசல் கதவைத் தாழிடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

இணைப்பு:
1. நாளை நான் கொடுக்கவிருக்கும் வாக்குமூலத்தின் பிரதி, இரண்டு பக்கம்.
2. பாதுகாப்புத் தகடுகள், நான்கு. உன் மேசை இழுப்பறையில் இருந்தவை.
3. எரிந்த எஞ்சினின் மோட்டார். அச்சு இன்னும் சுழல்கிறது, பார்த்துக்கொள்.
4. அதே எஞ்சினின் கட்டைகள், வகைபிரித்த டப்பாவில். வெள்ளை வட்டம், ஒரு குமிழ்: பதினேழு. மூடியில் முதலில் பதினெட்டு என்று எழுதியதை அடித்திருக்கிறேன், அழிக்கவில்லை.